வீட்டுக் கணினியில் ஒரு காமா கதிர் வெடிப்பைத் தேடிப் பிடிப்பது எப்படி?

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.47 மணி. கோவையிலும் ஈரோட்டிலும் பொழுது சாய்ந்து விளக்குப் போட்டிருந்த நேரம். நம் தலைக்கு மேலே, நேர் உச்சியிலிருந்து ஏறக்குறைய 10 பாகைதான் தள்ளி, சஜிட்டா என்ற சின்ன விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து, கருவிகள் அதுவரை பதிவு செய்ததிலேயே மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பு வந்து இறங்கியது. ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் பயணம் செய்த கதிர் அது. பூமியின் அயனி மண்டலத்தையே கொஞ்சம் கலைத்துவிட்டது. ஆனால் கொங்கு நாட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. படவும் வழியில்லை. காமா கதிரை வளிமண்டலம் விழுங்கிவிடும். மேலே சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள்தான் அதைப் பார்த்தன.

அவை பார்த்ததை நாமும் பார்க்கலாம். நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள் பதிவு செய்யும் தரவு யாருக்கும் இலவசம். அனுமதிக் கடிதமோ பல்கலைக்கழக முத்திரையோ தேவையில்லை. சாதாரண மடிக்கணினி, இணைய இணைப்பு, பைத்தானில் ஒரு வரைபடம் வரையும் அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும். பெருந்துறைப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம், "ஏனுங்க சார், நம்ம ஊர்ல டெலஸ்கோப் இல்லாம இதைச் செய்ய முடியுமுங்களா?" என்று கேட்டார். "முடியுங் கண்ணு, டெலஸ்கோப் இருந்தாலும் இந்த வேலைக்கு முதல்ல உதவாது" என்றேன். அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் வெடிப்பைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அது இயல்புதான். ஆனால் இந்த வேலையில் முக்கால்வாசி, வெடிப்பு இல்லாத நேரத்தில் கருவி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று படிப்பது. அந்தப் பின்னணி பழகிவிட்டால் வெடிப்பு தானாகவே கண்ணில் படும். பழகாவிட்டால் ஒவ்வொரு மேடும் வெடிப்பாகத்தான் தெரியும்.

கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

1963-ல் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டு சோதனை கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். யாராவது மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா வேலா செயற்கைக்கோள்களை அனுப்பியது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் பதிவான காமா கதிர்த் துடிப்பு எந்தக் குண்டோடும் பொருந்தவில்லை. 1973-ல் கிளீபசாடல், ஸ்ட்ராங், ஓல்சன் மூவரும், இவை பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வருபவை அல்ல என்று 16 வெடிப்புகளைக் காட்டி எழுதினார்கள். இந்தத் துறை பிறந்தது அப்படித்தான். பெருவிண்மீன் சரிந்து கருந்துளையாகும்போது நீண்ட வெடிப்பும், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாகும்போது குறுகிய வெடிப்பும் வருகின்றன என்பது இன்றைய பொதுவான புரிதல். எல்லைக்கோடு சுமார் 2 விநாடி. விதிவிலக்கும் உண்டு: 2021 டிசம்பர் 11 அன்று வந்த ஒன்று நீண்டதாக இருந்தும், மோதலுக்கு உரிய தடயத்தையே விட்டுச் சென்றது.

நாம் பழகப்போவது ஃபெர்மியில் உள்ள ஜி.பி.எம். என்ற கருவியை. 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்டது. இதில் 14 உணரிகள். 12 உணரிகள் சோடியம் அயோடைடு படிகத் தட்டுகள்: ஒவ்வொன்றும் 12.7 செ.மீ. விட்டம், 1.27 செ.மீ. தடிமன். காமா ஃபோட்டான், அதாவது கதிரின் ஒற்றைத் துணுக்கு, படிகத்துக்குள் மோதினால் ஒரு சின்ன ஒளிப்பொறி எழும். பின்னால் இருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் அதை மின்துடிப்பாக மாற்றும். துடிப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆற்றல். ஃபோட்டானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள்; ஆயிரம் சேர்ந்தால் ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட். இவை 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முதல் 1,000 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும். மீதி இரண்டும் பிஸ்மத் ஜெர்மனேட் உருளைகள். அதற்கு மேற்பட்ட ஆற்றலுக்கு. தட்டுகள் 12-ம் வெவ்வேறு திசையைப் பார்த்திருக்கும். வெடிப்பை நேராகப் பார்க்கும் தட்டில் எண்ணிக்கை அதிகம், சாய்வாகப் பார்ப்பதில் குறைவு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திசை கண்டுபிடிப்பதும் போலியை ஒதுக்குவதும் இதை வைத்துத்தான்.

படம் எடுக்கும் கேமரா இதில் இல்லை என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். காமா கதிரைக் கண்ணாடி லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது. வருவதை எண்ணத்தான் முடியும். நமக்குக் கிடைப்பது ஃபோட்டான் எந்த நேரத்தில், எந்த உணரியில், எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்ற பட்டியல் மட்டுமே.

எச்சரிக்கைத் தகவலுக்குப் பதிவு செய்யுங்கள்

உலகம் முழுக்க இந்தத் துறையினர் பேசிக்கொள்ளும் இடம் நாசா நடத்தும் ஜி.சி.என். வலையமைப்பு. அதில் கணக்குத் தொடங்குவது இலவசம். இரண்டு வகைத் தகவல் வரும். ஒன்று, செயற்கைக்கோள் தானே அனுப்பும் அறிவிப்பு. வெடிப்பு நடந்த சில விநாடிகளில் வந்துவிடும். மற்றது, ஆய்வாளர்கள் எழுதும் சுற்றறிக்கை. எந்தத் தொலைநோக்கி என்ன பார்த்தது, தொலைவு என்ன என்று மனிதர் நடையில் இருக்கும்.

தொடக்கத்தில் சுற்றறிக்கையை மட்டும் மின்னஞ்சலில் வாங்குங்கள். தானியங்கி அறிவிப்பை நேரலையாக வாங்க ஒரு நிரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வரும் ஊர்களில் அதைக் கட்டிக் காப்பது தனி வேலை. மின்னஞ்சல் அப்படியல்ல, காத்திருக்கும். ஒரு மாதம் இந்தச் சுற்றறிக்கைகளைப் படித்தாலே துறையின் பேச்சு பழகிவிடும். ஜி.பி.எம். மட்டும் ஆண்டுக்குச் சுமார் 240 வெடிப்புகளைப் பிடிக்கிறது. அதனால் படிக்க எதுவும் வரவில்லையே என்ற குறை இருக்காது.

முதல் கோப்பை இறக்குங்கள்

நாசாவின் ஹீசார்க் தரவுக் காப்பகத்தில் ஜி.பி.எம். வெடிப்புப் பட்டியல் இருக்கிறது. முதல் பயிற்சிக்கு பி.என். 190114873 என்ற எண்ணை எடுங்கள். இந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். முதல் ஆறு இலக்கம் தேதி: 2019 ஜனவரி 14. கடைசி மூன்று இலக்கம், அந்த நாளில் எத்தனை பங்கு கழிந்திருந்தது என்பது. 0.873-ஐ 24-ஆல் பெருக்கினால் 20.95 மணி, அதாவது உலக நேரப்படி இரவு 8.57. ஐந்தரை மணி கூட்டினால் நமக்கு மறுநாள் விடியற்காலை 2.27. நாள்காட்டியைப் பாருங்கள்: அது பொங்கல் நாள். உலக நேரத்தையும் நம் நேரத்தையும் குழப்பிக்கொண்டு ஒரு நாள் தள்ளித் தேடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. அதனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஆய்வாளர்கள் இந்த வெடிப்பை ஜி.ஆர்.பி. 190114சி என்பார்கள். அன்றைய மூன்றாவது வெடிப்பு என்பதால் 'சி'. கேனரித் தீவுகளில் லா பால்மாவில் உள்ள மேஜிக் தொலைநோக்கிகள் ஒரு நிமிடத்துக்குள் இதை நோக்கித் திரும்பி, டெரா எலக்ட்ரான் வோல்ட் (லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்) அளவு ஆற்றலைப் பதிவு செய்தன. தரைக்கு வராத கதிரைத் தரையில் இருந்து எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். அவ்வளவு ஆற்றல் கொண்ட ஃபோட்டான் காற்றில் மோதும்போது துகள் மழையாகச் சிதறும். அந்த மழை எழுப்பும் மெல்லிய நீல ஒளியைத்தான் மேஜிக் பார்க்கிறது. அந்தத் துகள் மழையையே நேரடியாகப் பிடிக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் நம் ஊட்டியில் இருக்கிறது. ஆனால் நாம் இங்கே பார்க்கும் குறைந்த ஆற்றல் கதிருக்கு விண்வெளியை விட்டால் வேறு இடமில்லை.

காப்பகத்தில் ஒவ்வொரு உணரிக்கும் மூன்று வகைக் கோப்பு இருக்கும். டி.டி.இ. என்று பெயர் உள்ளதை எடுங்கள். ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு வரி. நேரம் 2 மைக்ரோவிநாடி நுட்பத்தில் இருக்கும். ஆற்றல் 128 தடங்களில் ஒன்றாக இருக்கும். எந்தத் தடம் எந்த ஆற்றல் என்ற அட்டவணையும் அதே கோப்பில் உண்டு. கோப்பு ஃபிட்ஸ் வடிவத்தில் இருப்பதால் பைத்தானின் ஆஸ்ட்ரோபை தொகுப்பு எளிதாகத் திறந்துவிடும். நாசாவே வெளியிட்ட காமா-ரே டேட்டா டூல்ஸ் என்ற தொகுப்பும் இருக்கிறது. அது பல வேலைகளைத் தானே செய்துவிடும். என் யோசனை: முதல் முறை ஆஸ்ட்ரோபையை மட்டும் வைத்துக் கையாலேயே செய்யுங்கள். கருவி என்ன தருகிறது என்று விரலுக்குத் தெரியும்.

நேரம் 2001 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக எழுதப்பட்டிருக்கும். கோப்பின் தலைப்பில் ட்ரிக்கர் நேரம், அதாவது ஏதோ வந்தது என்று கருவி உணர்ந்துகொண்ட நேரம், தனியாக இருக்கும். ஒவ்வொரு வரியிலிருந்தும் அதைக் கழித்துவிட்டால் வெடிப்பு பூஜ்யத்தில் தொடங்கும்.

எண்ணி வரையுங்கள்

50 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை உள்ள ஃபோட்டான்களை மட்டும் பிரித்தெடுங்கள். ட்ரிக்கருக்கு 20 விநாடி முன்பிருந்து 60 விநாடி பின்பு வரை, அரை விநாடிக்கு ஒரு துண்டாக எண்ணி வரையுங்கள். 12 தட்டுகளுக்கும் 12 படம். ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சிலவற்றில் தொடக்க விநாடிகளில் கோபுரம் போல எழும். பிறகு 15 விநாடி தாண்டிச் சின்னதாக இன்னொரு மேடு வரும். சில தட்டுகளில் ஏதோ அசைந்தது என்ற அளவுதான். எது நேராகப் பார்த்தது, எது முதுகைக் காட்டியிருந்தது என்று அந்த 12 படங்களே சொல்லிவிடும்.

இப்போது துண்டின் அளவை மாற்றிப் பாருங்கள். இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் கண்டுபிடிப்பு என்பதன் உள்விஷயம் இதுதான். ஒரு தட்டில் பின்னணி விநாடிக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். ஃபோட்டான் தாறுமாறாக வருவதால், எண்ணிக்கை அதன் வர்க்கமூல அளவுக்கு ஏறி இறங்குவது சகஜம், 300-க்கு 17. ஜி.பி.எம். ட்ரிக்கருக்கு வழக்கமாக வைக்கும் வரம்பு இந்த வர்க்கமூலத்தைப் போல 4.5 மடங்கு. அதாவது ஒரு விநாடித் துண்டில் 78 கூடினால் சந்தேகம். அதையே 64 மில்லிவிநாடித் துண்டில் பாருங்கள். பின்னணி 19 தான், வர்க்கமூலம் 4.4, வரம்பு 20. எண்ணிக்கை இரண்டு மடங்கானால்தான் வரம்பைத் தாண்டும். 8 விநாடித் துண்டில் பின்னணி 2,400, வர்க்கமூலம் 49, வரம்பு 220. வெறும் 9 விழுக்காடு ஏறினாலே போதும்.

ஆகவே குட்டி வெடிப்பைப் பெரிய துண்டில் போட்டால் பின்னணியில் கரைந்துவிடும். நீண்டு மங்கலாக வருவதைச் சின்னத் துண்டில் போட்டால் தெரியவே தெரியாது. அதனால்தான் செயற்கைக்கோளில் உள்ள கணினி 16 மில்லிவிநாடியிலிருந்து சுமார் 8 விநாடி வரை பல அளவுகளில் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: குறைந்தது இரண்டு உணரிகள் சேர்ந்து வரம்பைத் தாண்ட வேண்டும். ஒரே உணரியில் மட்டும் துள்ளினால் அது கருவியின் கோளாறாகவோ, ஒற்றைத் துகளாகவோ இருக்கும்.

பின்னணியைக் கழியுங்கள்

பின்னணி சமதளமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஃபெர்மி பூமியை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒருமுறை சுற்றுகிறது. காந்தப்புலம் மாறும், துகள்கள் கூடும், குறையும், செயற்கைக்கோள் திரும்பும். தென் அட்லாண்டிக் மேல் துகள்கள் மிகுந்த ஒரு பகுதி உண்டு. அதைக் கடக்கும்போது உணரிகளை அணைத்தே வைப்பார்கள். அதற்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் பின்னணி சரிவாக இருக்கும்.

செய்ய வேண்டியது: வெடிப்புக்கு முன்னால் ஒரு பகுதி, முழுக்க அடங்கிய பிறகு ஒரு பகுதி என இரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வழியாக ஒரு மென்மையான வளைகோடு பொருத்துங்கள். நேர்கோடு அல்லது இருபடி போதும். அந்தக் கோட்டை வெடிப்பின் அடியில் நீட்டி, கழியுங்கள். மூன்றாம், நான்காம் படிக்குப் போகும் ஆசை வரும், வேண்டாம். கோடு வெடிப்பையே விழுங்க ஆரம்பித்துவிடும். எந்தப் பகுதியைப் பின்னணியாக எடுத்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். விடை மாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கழித்த பிறகு எண்ணிக்கையைத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தத்தில் 5 விழுக்காடு வந்த நேரத்துக்கும் 95 விழுக்காடு வந்த நேரத்துக்கும் இடைப்பட்டதுதான் டி90 என்ற கால அளவு. பட்டியலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 190114சி-க்கு அது நூறு விநாடியைத் தாண்டும். மேடு அடங்கிய பிறகும் மெல்லிய வால் நீள்வதுதான் காரணம். 60 விநாடியோடு நீங்கள் நிறுத்தியிருந்தால் விடை குறைவாகத்தான் வரும்.

ஆற்றல் வாரியாக வரையும்போது 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு முறிவு தெரிந்தால் அது வானத்திலிருந்து வந்ததல்ல. படிகத்தில் உள்ள அயோடினின் இயல்பு அது. கடைசித் தடத்தையும் விட்டுவிடுங்கள். கருவி அளக்கும் ஆற்றல் எல்லையைத் தாண்டியதெல்லாம் அதில்தான் குவியும்.

போலிகளை ஒதுக்குங்கள்

வரம்பைத் தாண்டியதெல்லாம் வெடிப்பு அல்ல. சூரியப் பிழம்பு மெதுவாக எழும், 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழேதான் கொழுத்திருக்கும், சூரியனைப் பார்க்கும் தட்டுகளில் மட்டும் தெரியும். எதிரெதிர்த் திசையைப் பார்க்கும் தட்டுகள் எல்லாம் ஒரே அளவில் எழுந்தால் அது செயற்கைக்கோளைச் சூழ்ந்த துகள் கூட்டம். மின்னல் மேகத்திலிருந்து மேல்நோக்கி வரும் காமா மின்னொளி சில மில்லிவிநாடிகூட நீடிக்காது. பிஸ்மத் ஜெர்மனேட் உருளைகளில் பளிச்சென்று தெரியும். ஒரு விநாடிக்கும் குறைவாக, ஆற்றல் தணிந்து, பால்வீதியின் தளத்திலிருந்து வந்தால் மேக்னடார் என்ற காந்த நியூட்ரான் விண்மீனாக இருக்கலாம். 2015 ஜூனில் வி404 சிக்னி என்ற, கருந்துளையும் விண்மீனும் சேர்ந்த இணை விழித்துக்கொண்டு ஜி.பி.எம்.-ஐத் திரும்பத் திரும்ப ட்ரிக்கர் செய்தது.

பட்டியலில் ஒவ்வொரு ட்ரிக்கருக்கும் வகை குறித்திருப்பார்கள். அதை மறைத்துவிட்டு நீங்களே படத்தைப் பார்த்து வகை சொல்லி, பிறகு சரிபாருங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

திசையும் தொலைநோக்கியும்

ஜி.பி.எம். சொல்லும் திசை பல பாகை அளவுக்குத் தெளிவில்லாமல் இருக்கும். 2004-ல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் வேறு வழியில் போகிறது. காரீயத் துண்டுகளை ஒழுங்கற்ற வடிவில் பரப்பிய முகமூடி மேலே. 32,768 சிறு உணரிகள் கீழே. ஓட்டை விழுந்த தென்னங்கீற்றுப் பந்தலுக்கு அடியில் தரையில் விழும் வெயில் புள்ளிகளைப் பார்த்துச் சூரியன் எங்கே இருக்கிறது என்று சொல்வதைப் போல, நிழலின் நகர்வை வைத்துத் திசையைக் கணக்கிடும். பிறகு தானே திரும்பி எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியால் சில வில்விநாடி (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) அளவுக்கு இடத்தைச் சொல்லிவிடும். மூன்றாவது வழி, தூரமாக இருக்கும் பல செயற்கைக்கோள்களுக்குக் கதிர் எந்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்று ஒப்பிடுவது. 15 லட்சம் கி.மீ. தள்ளி இருக்கும் விண்ட் கலத்துக்கும் பூமிக்கும் அதிகபட்சம் 5 விநாடி வித்தியாசம். அதை மில்லிவிநாடியில் அளந்தால் வானத்தில் ஒரு மெல்லிய வளையம் கிடைக்கும்.

உங்களிடமோ உங்கள் கல்லூரியிலோ 8 அங்குலத் தொலைநோக்கியும் நல்ல கேமராவும் இருந்தால், ஸ்விஃப்ட் இடம் சொன்ன பிரகாசமான வெடிப்பின் பின்னொளியை, அதாவது வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளியைத் தேடலாம். 2008 மார்ச் 19 அன்று ஒன்று சில விநாடிகளுக்கு வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பிரகாசித்தது. ஆனால் அது அபூர்வம். பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் மங்கிவிடும். கோவை, திருப்பூர் நகர விளக்குகளை விட்டு காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து வறண்ட மேட்டு நிலத்துக்குப் போங்கள். தை முதல் பங்குனி வரை அங்கே வானம் நன்றாக இருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மேகமும் விடாது. அந்த மாதங்களைத் தரவு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கடினமான பயிற்சிகள்

தொடக்கத்தில் சொன்ன 2022 அக்டோபர் வெடிப்பின் எண் பி.என். 221009553. அதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஃபோட்டான்கள் அவ்வளவு வேகமாக வந்ததால் கருவி திணறிவிட்டது. உச்ச நேரத்து எண்ணிக்கையை அப்படியே நம்ப முடியாது.

மற்றது நேர்மாறு: பி.என். 170817529. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்து 1.7 விநாடி கழித்து, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்.ஜி.சி. 4993 விண்மீன் மண்டலத்திலிருந்து வந்தது. நம் நேரப்படி மாலை 6.11. அவ்வளவு பெரிய நிகழ்வு, ஆனால் வரைபடத்தில் பார்த்தால் மங்கலான ஒரு சின்ன மேடு. ஒரே தட்டில் தேடினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 1, 2, 5 என்ற எண்ணுள்ள மூன்று தட்டுகளையும் கூட்டுங்கள். 50 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட், கால் விநாடித் துண்டு. பின்னணிக்கு நேர்கோடு போதும். அரை விநாடி அளவுக்கு ஒரு மேடு தெரியும். பிறகு 10 முதல் 50 வரை உள்ள ஃபோட்டான்களைத் தனியாக வரையுங்கள். மேட்டுக்குப் பின்னால் மெதுவாக இறங்கும் ஒரு மென்மையான வால் இருக்கும்.

அந்த வாலைப் பின்னணியிலிருந்து நீங்களே பிரித்துக் காட்டிவிட்டால் அடுத்து ஆஸ்ட்ரோசாட்டுக்குப் போகலாம். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நம் செயற்கைக்கோள். அதன் சி.இசட்.டி.ஐ. கருவி வேலையைத் தொடங்கிய நாளிலேயே ஒரு வெடிப்பைப் பிடித்தது. இதுவரை 500-க்கும் மேல் பிடித்திருக்கிறது. பிரகாசமான வெடிப்புகளில் கதிரின் முனைவாக்கத்தையும், அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதையும் அளக்கிறது. தரவு இஸ்ரோவின் காப்பகத்தில் கிடைக்கும். கோப்பு அமைப்பு வேறு, பின்னணி வேறு. 2017 ஆகஸ்ட் 17 மாலையில் மட்டும் அதில் எதையும் தேட வேண்டாம். அந்த நேரத்தில் ஆஸ்ட்ரோசாட்டுக்கும் வெடிப்புக்கும் நடுவே பூமி நின்றது. எதுவும் தெரியவில்லை என்பதை வைத்தே வெடிப்பு எந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் குறுக்கினார்கள். உங்கள் குறிப்பேட்டிலும் "தேடினேன், இல்லை" என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கி, தேதி, உணரி, ஆற்றல் பட்டை, துண்டின் அளவு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.